கச்சானுக்கு முகம் கொடுத்து

ஆவணி பிறந்துவிட்டால் கிழக்கிலங்கையின் கோமாரியில் கச்சான் காற்றுக்குத்தான் ஆட்சி. மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் சூடாகக் கிழக்கே இறங்கிவரும் காற்று அது. முகத்தில் அடித்தால் அடுப்பு வாயைத் திறந்தது போல இருக்கும். தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி, ஊறணி, பொத்துவில் என்று நீளும் இந்தக் கரையில் கிழக்கே கடல், மேற்கே காடு. இரண்டுக்கும் நடுவே ஒரு தார் வீதியும், கொஞ்சம் வயலும், மாரியில் நிரம்பிக் கோடையில் ஒடுங்கும் சிறு குளங்களும். அப்படி ஒடுங்கிக்கொண்டிருந்த ஒரு குளத்தின் ஓரத்தில், விடிந்து அரை மணி நேரம்கூட ஆகாத ஒரு காலையில், எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் ஊரே அவரை 'வெடிக்காரன்' என்றுதான் அழைத்தது.

சேற்றில் குந்தி உட்கார்ந்து கையால் காட்டினார்.

"பாருங்க தம்பி, ரெண்டு குளம்பும் முன்னால கூரா ஒட்டிக் கிடக்கு. இது புள்ளிமான். அங்கால கிடக்கிறது பெரிசு, அகலம், அது மரை. பண்டி அடியெண்டா பின்னால ரெண்டு பொட்டு விழும். மானுக்குச் சேறு ஆழமா இருந்தாத்தான் அப்பிடி விழும்."

எப்போது போனது என்று கேட்டேன். சுவடுக்குள் விரலை வைக்காமல், அதன் மேலே விரலைப் பிடித்துக் காட்டினார். பக்கத்துச் சேற்றில் ஊசி முனை அளவுக்குச் சிறு குழிகள் சிதறிக் கிடந்தன. இலையிலிருந்து பனி சொட்டிய அடையாளம். குளம்படிக்குள் ஒன்றுகூட இல்லை.

"பனி சொட்டி ஓய்ந்த பிறகு போனது. நாம வந்ததக் கண்டுதான் விலகியிருக்கு. இப்ப அந்தப் பத்தைக்குள்ள நிண்டு நம்மளத்தான் பாக்குது."

அவர் காட்டிய பற்றையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கூரிய கூவல் வந்தது. எச்சரிக்கைக் குரல்.

நாற்பது வருடமாக இந்தக் கையில் துவக்கு இல்லை. ஆனால் கண்ணும் காதும் இன்னும் வேட்டைக்காரனுடையவை. இந்தக் கண் படித்து வைத்திருக்கும் காட்டைப் பற்றி எங்கள் கரையில் எவரும் எழுதிவைக்கவில்லை. இன்னும் பத்து வருடத்தில் கேட்பதற்கு ஆளும் இருக்கமாட்டார்கள்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

நகரத்தில் இருக்கும் நமக்கு வேட்டை என்றால் துவக்கு வெடிக்கும் அந்த நொடிதான். பெரியவருக்கு அது கடைசி நொடி. அதற்கு முன்னால் ஒரு வருடக் கணக்கு இருக்கிறது.

ஐப்பசியில் மாரி தொடங்கி மார்கழி தாண்டும் வரைக்கும் காட்டில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். மான் எங்கே வேண்டுமானாலும் குடிக்கலாம்; ஆகவே எங்கேயும் நிற்காது. அந்த மாதங்களில் வெடிக்காரன் காட்டுக்குப் போவதில்லை. பெரும்போகம் விதைத்திருப்பான், வயற்காவலுக்குப் பரணில் ஏறியிருப்பான். ஆனால் அந்தச் சேற்று மாதங்களில்தான் காட்டை வாசிக்க முடியும் என்கிறார் பெரியவர். எந்தக் கூட்டம் எந்த வழியால் வயல் விளிம்புக்கு வருகிறது, எத்தனை குட்டி சேர்ந்திருக்கிறது, எந்தக் கொம்பன் எந்த மரத்தில் கொம்பைத் தேய்க்கிறது, எல்லாம் ஈரமண் சொல்லிவிடும்.

தை, மாசியில் மழை ஓய்ந்ததும் குளக்கரைகளில் இளம்புல் வரும். புள்ளிமான் புல் மேய்கிற பிராணி. சிறு சிறு கூட்டமாகப் பிரிந்திருந்தவை அப்போது பெருங்கூட்டமாகத் திரளும். வெள்ளாமை வெட்டி முடிந்த வட்டைகளில் மாட்டுப் பட்டியோடு பட்டியாக மானும் மேயும். மரை அப்படியல்ல. அது இலை, தளிர், பட்டை தின்று காட்டுக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் இரவுப் பிராணி. வளர்ந்த கலைமரை 200 கிலோவையும் தொடும். அவ்வளவு பெரிய உடம்போடு, ஒரு சுள்ளி முறியாமல் நம்மைக் கடந்து போய்விடும்.

வைகாசி, ஆனியில் பாலை மரம் பழுக்கும். உலர்வலயக் காட்டின் கொடை அந்த மரம். மஞ்சள் மணிபோலப் பழம். கரடியும் தின்னும், பறவையும் தின்னும், மனிதனும் தின்பான். மந்திக் கூட்டம் மேலே பாதி கடித்துப் பாதி உதிர்க்க, கீழே புள்ளிமான் பொறுக்கும். மேலே இருப்பவன் சிறுத்தையை முதலில் காண்பான், கீழே நிற்பவன் மோப்பத்தில் முதலில் உணர்வான். இரண்டும் ஒன்றுக்கொன்று காவல். "மந்தி சத்தம் கேட்டா பாலை மரத்தடிக்குப் போவம்" என்றார் பெரியவர்.

அடுத்தது ஆடியும் ஆவணியும் புரட்டாதியும். காட்டுக்குள் பள்ளம் பள்ளமாக நின்ற நீர் வற்றி, நான்கைந்து மடுக்களுக்குள் ஒரு காடே அடங்கிவிடும். புள்ளிமானால் தண்ணீர் இல்லாமல் பல நாள் தாங்க முடியாது, வந்துதான் ஆகவேண்டும். மடுவுக்குக் கிழக்கே, மேற்கைப் பார்த்தபடி, கச்சானுக்கு முகம் கொடுத்து உட்கார வேண்டும் என்பது அந்தக் கலையின் முதல் பாடம். காற்றுக்கு முதுகு காட்டினால் மனித வாடை மானுக்கு முந்திப் போய்ச் சேரும். மாலையில் கடற்காற்று திரும்பிவிட்டால் அன்றைய காவல் வீண். எழும்பி வந்துவிட வேண்டியதுதான்.

இறைச்சியைப் பங்கிட்ட கதையையும் கேட்டேன். அவருடைய கூட்டாளி பொத்துவிலைச் சேர்ந்த ஒரு காக்கா. மௌத்தாகிப் பல வருடமாகிறது. "உங்கட ஆள் இல்லாம நான் காட்டுக்குப் போனதில்ல தம்பி. பிஸ்மில்லாஹ் சொல்லி அவர் அறுத்தாத்தானே ரெண்டு ஊரிலயும் சட்டியில ஏறும்." நான் கல்முனைக்காரன் என்பதால் அதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்தார். மிஞ்சியதை உப்புத் தடவி, புகையில் காட்டி, வத்தல் போட்டுக்கொண்டார்கள். இந்தத் தீவின் காட்டுமக்கள் இறைச்சியைத் தேனில் அமிழ்த்தி மரப்பொந்துக்குள் சேமித்ததை 1681ஆம் ஆண்டிலேயே ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் எழுதிவிட்டார். அந்த வழக்கத்தின் வால்தான் எங்கள் கரையின் மரை வத்தல்.

துரைமாரின் சட்டம்

துவக்கோடு வந்த வெள்ளைக்காரத் துரைமார் இந்தத் தீவின் காடுகளை என்ன செய்தார்கள் என்பதற்கு அவர்களே எழுதிய புத்தகங்கள் சாட்சி. 1845இல் இங்கே வந்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை விட்டு மரைகளை விரட்டிக் கொன்றதை 1854இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். மான் தோலும் மரைக்கொம்பும் கப்பலேறின. விலங்குகள் அருகிப்போவதைக் கண்டு 1894இல் ஒரு சங்கம் அமைத்தவர்களும் வேட்டைக்காரத் தோட்டத்துரைமார்தான். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வேர் அது. யாலவில் ஒரு பகுதி துரைமாரின் வேட்டைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 1908இல் அங்கே முதல் காவலராக நியமிக்கப்பட்டவர் எங்கெல்பிரெக்ட் என்ற தென்னாபிரிக்கப் போயர். ஆங்கிலேய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்ட யுத்தக் கைதி.

துரை சுட்டால் விளையாட்டு, ஊரவன் சுட்டால் களவு என்ற நீதி அப்போதுதான் எழுதப்பட்டது. எங்கள் ஊர்களில் வனத் திணைக்களத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் இன்றைக்கும் அந்நியனைப் போலப் பார்ப்பதற்கு அந்தப் பழைய காயமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1937இன் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்து, 1938 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. முதலில் அனுமதிப்பத்திரம், மூடிய பருவம் என்ற ஏற்பாடுகள் இருந்தன. 'இடைவலயம்' என்று ஒரு வகை நிலத்தில் அனுமதியோடு வேட்டையாடவும் இடமிருந்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் பிறந்தது. 1970இல் குமணக் காடு யால கிழக்குத் தேசியப் பூங்காவாயிற்று. 1980இல் லாகுகல - கித்துலான பூங்கா. சட்டம் 1993இலும் 2009இலும் இறுக்கப்பட்டது. இன்று புள்ளிமானையோ மரையையோ கொல்வதும், இறைச்சியை வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். பருவம், அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே 1937இல் அமெரிக்காவும் ஒரு சட்டம் செய்தது. துவக்குக்கும் ரவைக்கும் வரி போட்டு, அந்தப் பணத்தை வனவிலங்குக்கே செலவிடும் சட்டம். அங்கே வேட்டைக்காரன் நிலம் வாங்குகிறான், மானுக்கென்று தீவனப் பயிர் விதைக்கிறான், மரத்தில் கமரா கட்டி எண்ணிக்கை எடுக்கிறான், அனுமதி எடுத்துச் சுடுகிறான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில இலட்சமாகக் குறைந்திருந்த வெள்ளைவால் மான் இன்று ஏறத்தாழ 3 கோடி. நம்மவர்கள் சிலர் இதைக் காட்டி, "நாமும் பருவம் வைத்துச் சுட விட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். அம்பாறையில் பயிரிழந்த விவசாயி கேட்டால் அந்தக் கேள்வியின் நியாயம் எனக்கு விளங்கும். ஆனாலும் என் பதில் கூடாது என்பதே.

முதல் காரணம் மானின் வயிறு. பனிநாட்டு மான் இலையுதிர் காலத்தில் இணைசேர்ந்து, பனி உருகிய பிறகு எல்லாம் சேர்ந்தாற்போலக் குட்டி ஈனும். ஆகவே அங்கே வேட்டைக்குத் திறந்த பருவம், மூடிய பருவம் என்று கோடு போட முடியும். நம்முடைய புள்ளிமானுக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் ஏதோ ஒரு பிணை சினையாக நிற்கும். ஏழெட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி. எந்த மாதத்தைத் திறந்துவிட்டாலும் சினைமான் மீது குண்டு படும். மூடிய பருவம் என்பதே குளிர்நாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிய சட்டம். இந்த மண்ணின் நாட்காட்டியில் அதற்கு மாதம் கிடையாது.

இரண்டாவது காரணம் சிறுத்தை. அமெரிக்காவில் பெரும்பகுதி மாநிலங்களில் ஓநாயை அழித்துவிட்டார்கள். மானைக் குறைக்க மனிதன் தேவைப்பட்டான். நம்முடைய காட்டில் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. புலியோ ஓநாயோ இல்லாத இந்தத் தீவில் சிறுத்தைதான் பெரிய வேட்டைக்காரன், அதன் முதல் இரை புள்ளிமான். சிறுத்தை இல்லாத இடத்தில் அதே மான் என்னவாகும் என்பதற்கு ஹவாய்த் தீவு உதாரணம். 1868இல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக மொலோக்காய்க்குப் போன சில புள்ளிமான்களின் சந்ததி இன்று அந்தத் தீவுகளின் புல்லையும் காட்டையும் மொட்டையடிக்கிறது. திருகோணமலைக்குப் போனவர்கள் பிரட்ரிக் கோட்டை வாசலில் மான் நிற்பதைக் கண்டிருப்பார்கள். கடைவீதிக் குப்பையில் பொலித்தீன் பையோடு சோற்றை மெல்லும் அந்த மான்களைப் பார்க்கும்போதெல்லாம் காடில்லாத மான் அரைமான் என்றே தோன்றும்.

கையளவு கம்பி

துவக்கு போய்விட்டது, வேட்டை போகவில்லை. குளத்தைச் சுற்றி வரும்போது பெரியவர் சட்டென்று நின்றார். வீரை மரத்துக்கும் ஒரு முட்பற்றைக்கும் நடுவே, மான் குனிந்து நுழையும் ஒடுக்கமான வழி. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு வளையம் தொங்கியது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள். பழுப்பேற வேண்டுமென்று புகையில் காட்டியிருக்கிறார்கள். வாடை போகச் சாணமும் பூசியிருக்கிறது. மறுமுனை வீரை மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மரப்பட்டையில் கம்பி அறுத்த பழைய தழும்பு. அதே இடத்தில் இதற்கு முன்னும் ஏதோ இழுபட்டுச் செத்திருக்கிறது.

பெரியவர் அதைக் கழற்றிச் சுருட்டினார். என் உள்ளங்கையில் வைத்தபோது ஒரு தேங்காய்ப் பாளைக் கீற்றின் கனம்கூட இல்லை.

"நாங்க சுடக்குள்ள ஆணா பெண்ணா, குட்டி நிக்கா எண்டு பாப்பம். இதுக்குக் கண் இல்ல தம்பி."

கண் இல்லாத அந்தக் கம்பிதான் இன்றைய இலங்கைக் காட்டின் முதல் எதிரி. மானுக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும், யானைக்குட்டியின் கால் மாட்டும். 2020 மே மாதம் மலைநாட்டில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டி, மீட்கப்பட்டும் மூன்றே நாளில் செத்துப்போனது. ஒரு கிளட்ச் கேபிளின் விலை என்ன? வழியில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு இன்னும் மோசம். அது வழிப்போக்கனையும் சுடும். விறகுக்குப் போனவர்களும் தேனெடுக்கப் போனவர்களும் கட்டுத்துவக்கில் கால் இழந்த செய்தி வராத வருடம் கிடையாது.

தீயும் ஓர் ஆயுதம். கோடை முற்றியதும் புல்வெளிக்கு நெருப்பு வைப்பார்கள், பத்துப் பதினைந்து நாளில் சாம்பலுக்குள்ளிருந்து பச்சைக் குருத்து முளைக்கும், மான் அதைத் தேடி வரும், காத்திருப்பார்கள். நிலத்தைப் பண்படுத்தி மானை வரவழைக்கும் அமெரிக்கன் செய்வதைத்தான் இவர்களும் செய்கிறார்கள். ஆனால் அடுத்த வருடத்து விதையையும், முட்டையோடு இருந்த காட்டுக்கோழியையும் சேர்த்து எரித்துவிட்டு.

நோயும் ஓர் ஆபத்து. கோமாரி என்ற ஊர்ப்பெயரும் கால்நடைக்கு வரும் கால்வாய் நோயின் தமிழ்நாட்டுப் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் அந்த நோய் பிளவுக்குளம்புள்ள மானையும் மரையையும் பிடிக்கும் என்பது தற்செயல் அல்ல. ஆவணியில் மாட்டுப் பட்டியும் மான் கூட்டமும் ஒரே மடுவில் வாய் வைக்கின்றன. வீட்டு மாட்டுக்குப் போடும் தடுப்பூசி காட்டு மானுக்கும் அரண்.

வள்ளியின் வழி

ஆனி, ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை இந்தக் கரையால்தான் இறங்கும். கோமாரி, பொத்துவில், பாணமை தாண்டி உகந்தையில் தங்கி, குமணக் காட்டினூடே போய், கும்புக்கன் ஆற்றைக் கடந்து யாலக் காட்டுக்குள் நடப்பார்கள். அந்தக் காட்டில் நடப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு: வள்ளி ஒரு மானின் வயிற்றில் பிறந்தவள், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலிருந்து வேடர் எடுத்து வளர்த்த பிள்ளை. அவளைத் தேடி வந்த முருகன் வேடன் வேடத்தில் நின்று கேட்ட முதல் கேள்வி, இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா என்பதுதான். என் வாப்பாவின் கூட்டாளிகள் சொல்லிச் சின்ன வயதிலேயே கேட்ட கதை. மான் வந்த வழியை அறிந்தவனுக்குத்தான் காடு பேசும் என்பதை இந்தக் கரை எப்போதோ அறிந்திருந்தது.

அந்த அறிவுக்கு இன்று ஒரு வேலை கொடுக்கலாம். தமிழ்நாட்டு எல்லையில் தேக்கடியைப் பாருங்கள். பெரியாறு காட்டில் வயனா என்ற காட்டுக் கறுவாப் பட்டையைத் திருடிச் சிறைக்கும் காட்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தவர்களை, 1990களின் பிற்பகுதியில் கேரள வனத்துறை அழைத்து, வழக்குகளிலிருந்து விடுவித்து, காவலாளிகளாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. திருடனுக்குத் தெரிந்த ஒற்றையடிப் பாதை காவலனுக்குத் தெரியாது என்ற எளிய உண்மையில் எழுந்த திட்டம் அது. கோமாரியிலும், பொத்துவிலிலும், பாணமையிலும் அப்படி எத்தனை முதிய கண்கள் திண்ணையில் சும்மா கிடக்கின்றன.

அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆடி பிறக்கும்போதே மடுக்களைச் சுற்றி நடந்தால் சுருக்குகளில் பாதியைக் கழற்றிவிடலாம். சுருக்கு எங்கே கட்டுவார்கள் என்று அவர்கள் கண் மூடிச் சொல்வார்கள். காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் பழைய சிறுகுளங்களில் எதைத் தோண்டினால் மான் வயலுக்கு வராமல் உள்ளேயே நிற்கும் என்றும் சொல்வார்கள். கொடிய வரட்சி ஆண்டுகளில் யாலவில் திணைக்களம் பவுசரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறோம். முன்கூட்டியே தூர் எடுத்த ஒரு குளம் நூறு பவுசருக்குச் சமம். உண்ணிச்செடி மண்டிப் புல்லை மூடிய இடங்களை வெட்டித் திறக்கவேண்டும். இதற்கெல்லாம் கொழும்பிலிருந்து நிபுணர் குழு வரவேண்டியதில்லை. திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகமும், விவசாயச் சங்கமும், கோயிலும், பள்ளிவாசலும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

எண்ணிக்கையும் வேண்டும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணினோம். பயிரழிவு என்றால் மானும் அந்தப் பேச்சில் உண்டு. ஆனால் மானை எண்ணவில்லை. ஐந்து நிமிடத்தில் எண்ணக்கூடிய பிராணியும் அல்ல அது. ஆவணி மாதம், நிலவு காலம், தெரிந்த மடுக்களில் மூன்று இரவு உட்கார வேண்டும். எந்த மடு, எந்தப் பக்கம் உட்காருவது என்பதற்குப் பெரியவரைக் கேட்கவேண்டும்.

திரும்பும் வழியில் சுருட்டிய கம்பியைப் பெரியவர் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். வீட்டுக் கோழிக்கூட்டின் பின்னால் ஒரு பழைய தகரப் பேணி இருந்தது. அதற்குள் போட்டார். உள்ளே ஏற்கனவே பதினேழு கிடந்தன. இந்த ஒரு கோடையில், ஒரே ஒரு கிழவர் தனியாக நடந்து கழற்றியவை.

அறுகம்பையில் சுற்றுலாப் பருவம் முடியும் மட்டும், இந்த வீதியால் போகும் யாரிடமாவது ஒருவர் தணிந்த குரலில் "மரை வத்தல் கிடக்கு, வேணுமா?" என்று கேட்பார். கல்முனையிலிருந்தும், சம்மாந்துறையிலிருந்தும், அக்கரைப்பற்றிலிருந்தும் வாகனம் பிடித்துப் போகும் எங்கள் ஆட்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: வாங்காதீர்கள். அந்த இறைச்சி சுருக்கில் மூச்சுத் திணறிச் செத்ததாக இருந்தால் அது நமக்கு ஹலாலும் அல்ல, நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதும் அல்ல. சுருக்கையோ கட்டுத்துவக்கையோ கண்டால் தொடாமல் விலகி நின்று, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.